நெய்யில் குழைத்த மாத்திரை

எனக்கும் இப்போது சர்க்கரை. வந்து ஆறு வருஷமாகிறது. போன வாரம் என் பெண் தொலைபேசியில் ஏதோ ஒரு பத்திரிகைச் செய்தியைப் படித்துக் காட்டினாள். சர்க்கரை மாத்திரைகள் ரத்தத்தில் மட்டும் வேலை செய்வதில்லையாம். குடலில் இருக்கும் பாக்டீரியாக்களையும் மாற்றுகின்றனவாம். மாத்திரை தரும் நன்மையில் ஒரு பங்கும், தொல்லையில் பெரும் பங்கும் அவற்றின் வழியாகத்தான் வருகிறதாம். "நீ சயின்ஸ் டீச்சராச்சே, உனக்கு இதெல்லாம் அப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

தெரியும். பாதி தெரியும். பாதி தெரிந்தவளால் ஒரு வீட்டில் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை எழுத அவர் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் அவர் போனார். மற்றவர்களுக்குத்தான் தெரியாது.

அவர் என்று நான் சொல்வது என் கணவரை. நாற்பது வருஷத்தில் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பெருமாள் சன்னிதி அவர் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்டது. தை முதல் ஆனி வரை அவருடைய அண்ணா முறை, ஆடி முதல் மார்கழி வரை இவர் முறை. அந்த ஆறு மாதத்துக்காகத்தான் மற்ற ஆறு மாதம் மூச்சு விட்டார் என்று சொன்னால் அது மிகையில்லை. நான் இரண்டு தெரு தள்ளி இருந்த பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அறிவியல் எடுத்தேன். காலையில் மடிப்புடவை, பத்து மணிக்கு ஆறு கெஜம், மதியம் இடைவேளையில் ஓடிவந்து மறுபடி மடிப்புடவை. அர்ச்சகர் வீட்டில் ஒரு டீச்சர் என்று தெருவில் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அண்ணாவுக்குத்தான் முதலில் சர்க்கரை வந்தது. காலில் புண் வந்து ஆறாமல், கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அங்கம் குறைந்தவர் மூலவரைத் தொடக்கூடாது என்பது எங்கள் சன்னிதி வழக்கம். யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அவரே சாவியைத் தன் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு வருஷத்தில் போய்விட்டார். விரல் போனதால் யாரும் சாவதில்லை. அவர் எதனால் போனார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் இவருக்கு வந்தது. அடுத்த வருஷமே இடது குதிகாலில் ஒரு வெடிப்பு புண்ணாக மாறியது. மணிக்கணக்கில் கருங்கல்லில் வெறுங்காலோடு நிற்கிற உடம்பு. நான் தினமும் அந்தப் புண்ணைத் துடைத்து மருந்து போடும்போது அண்ணாவின் காலைத்தான் பார்த்தேன். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். இவருடைய காலில் ஒரு விரல் போனால் சன்னிதி போய்விடும், சன்னிதி போனால் இவரும் போய்விடுவார்.

டாக்டர் பிள்ளையார்பாளையத்துக்காரர், நெசவுக் குடும்பம், பொறுமைசாலி. முதலில் அவர் கொடுத்த மாத்திரை வயிற்றைக் கலக்கியது. மற்றவர்களுக்கு அது ஒரு சங்கடம், அவ்வளவுதான். இவருக்கோ, ஒவ்வொரு முறை கொல்லைப் பக்கம் போய் வந்தாலும் தலையோடு குளித்து, வேறு வேஷ்டி கட்டி, திருமண் இட்டுக்கொண்டுதான் சன்னிதிக்குத் திரும்ப முடியும். ஒரு நாள் காலையில் மட்டும் ஐந்து முறை கிணற்றடியில் குளித்தார். ஆறாவது முறை குளிக்கவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு மாத்திரை எழுதினார். அப்போது அது புதிது. அது ரத்தத்தில் அதிகம் சேராது, குடலிலேயே தங்கி, சாதத்தில் இருக்கும் மாவுச்சத்து சட்டென்று சர்க்கரையாக உடையாமல் தடுக்கும் என்றார். அப்படி உடையாமல் போகும் மாவுச்சத்து கீழே பெருங்குடலுக்குப் போகும், அங்கே இருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து, அவை தின்று வாயுவை உண்டாக்கும் என்றும் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு வயிறு உப்பும் சாமி. பாதி மாத்திரையில ஆரம்பிங்க. ஒரு மாசம் போனா குடலு பழகிக்கும். இனிப்பு மட்டும் வேணாம், அது சேர்ந்தா ரொம்ப உப்பும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவளுக்கு இது புரியாதா?

அவர் கடைசியாகச் சொன்னதில்தான் வில்லங்கம் வந்தது. "மொதோ வாய் சோத்தோட முழுங்கணும். சாப்ட்டு முடிச்சிட்டு போட்டா, பாவு அறுந்த அப்புறம் நாடா ஓட்டுற கதைதான்." நெடுக்கு நூல் அறுந்த பிறகு குறுக்கு நூல் ஓட்டி என்ன பயன் என்கிறார். எங்கள் ஊரில் எதைப் பேசினாலும் தறியில் கொண்டு போய்த்தான் முடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர், முதல் கவளத்தில் முடியாது என்றார்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்ததும் இலையைச் சுற்றி நீர் விட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் நீரை மந்திரத்தோடு உறிஞ்சி, நெய் விட்ட சாதத்தில் ஐந்து சிறு கவளங்களைப் பல்லில் படாமல் விழுங்குவார். அது பசிக்குச் சாப்பிடுவது ஆகாது. வயிற்றில் இருக்கும் அக்னிக்கு, உள்ளே இருக்கும் பெருமாளுக்கு, கொடுக்கும் ஆகுதி. ஐந்தும் முடிந்த பிறகுதான் அது சாப்பாடு. கோவிலில் யாராவது பிரசாதத்தில் மாத்திரையைப் போட்டுப் பெருமாளுக்குக் காட்டுவார்களா என்று என்னைக் கேட்டார். ஐந்து கவளத்துக்குப் பிறகாவது போட்டுக்கொள்ளலாமே என்றேன். நடுவில் எச்சில் கையோடு மாத்திரைக் காகிதத்தைக் கிழிப்பதா என்றார். கடைசியில், மோர் சாதம் முடிந்து கை அலம்பிய பிறகு போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவர்.

ஒரு மாதம் அப்படியே பாதி மாத்திரை போனது. வாயுத் தொந்தரவு பெரிதாக ஒன்றும் இல்லை. சர்க்கரையும் இறங்கவில்லை. டாக்டர் முழு மாத்திரையாக்கினார். அதே கதை. அவர் முகத்தில் ஒரு சந்தேகம் தெரிந்தது, ஆனாலும் கேட்கவில்லை. புண் மட்டும் கேட்டது. விளிம்பு கறுத்து, ஒரு நாள் துடைத்த பஞ்சில் வாடை வந்தது. இவர் முறை தொடங்கி, ஆவணியும் பாதி போயிருந்தது. நொண்டிக்கொண்டே விடியற்காலையில் கிளம்பிப் போனார்.

அன்று மதியம் நான் அதைச் செய்தேன். மிளகு இடிக்கும் சின்னக் கல்லில் ஒரு முழு மாத்திரையைப் பொடித்து, நெய்க் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி நெய்யோடு குழைத்து வைத்தேன். இலையில் சாதம் விழுந்ததும் நெய் விடுவது என் வேலைதானே. அவர் எந்த இடத்திலிருந்து அந்த ஐந்து கவளத்தை எடுப்பார் என்பது எனக்குத் தெரியாமல் போகுமா? சரியாக அங்கே விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பிராணனுக்கு, அபானனுக்கு என்று ஒவ்வொன்றாக மந்திரம் சொல்லி விழுங்கினார். எனக்குக் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

சாப்பிட்டு எழுந்ததும் வழக்கம்போல மாத்திரைக்குக் கை நீட்டினார். அதே அளவு, அதே வெள்ளையில் எலும்புக்கான சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று என்னிடம் இருந்தது, எனக்காக டாக்டர் கொடுத்தது. அதைக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை, நெய்யில் ஒன்று நிஜம், கையில் ஒன்று பொய்.

பாதியில் தொடங்கச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் காலில் அழுகல் வாடை வரும்போது பாதியாவது கால்வாசியாவது என்று நினைத்தேன். போதாததற்கு அறிவியல் டீச்சர் வேறு.

மாத்திரை வேலை செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. மூன்றாம் வாரம் ரத்தம் பார்த்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. புண்ணின் அடியில் ரோஜா நிறத்தில் புதுச் சதை எட்டிப் பார்த்தது. டாக்டர் அவர் காலைப் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். திரும்பும் வழியில் ரிக்ஷாவில் இவர் என்னைச் சீண்டினார்: "உங்க டாக்டர் கிட்டச் சொல்லு. கடைசியில போட்டாலும் கேக்கறது." நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போது தெரியவில்லை.

வாயுவும் வந்தது. வயிறு உப்பி, வேஷ்டியை இரண்டு முறை தளர்த்திக் கட்டுவார். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் போவார். மிகவும் கூச்சம் உள்ள மனிதர். என் எதிரிலேயே அவருக்கு அவமானம். பருப்பை விட்டார். கிழங்கை விட்டார். மொச்சை, காராமணி எல்லாம் வீட்டை விட்டே போயின. ரசத்தை நாங்கள் சாத்தமுது என்போம், அதில் பெருங்காயத்தை அள்ளிப் போட்டேன், ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைத்தான் நான் இரண்டு வேளையும் செய்துகொண்டிருந்தேன். மாத்திரையால் இருக்குமோ என்று ஒரு நாள் அவரே கேட்டார். பிறகு அவரே, மாத்திரை என்றால் முதல் மாதமே வந்திருக்க வேண்டுமே என்று பதிலும் சொல்லிக்கொண்டார். நான் ஓமத் தண்ணீரை ஆற்றி அவர் கையில் கொடுத்தேன். இன்னும் இரண்டு வாரம் போனால் குடல் பழகிவிடும், அதற்குள் புண்ணும் மூடிவிடும், பிறகு எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சமயத்தில் எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் வந்தது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் செரிக்காமல் விட்டதைத் தின்று வாழ்கின்றன என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே மதிய மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மணி அடித்ததும் ஓடிப் போய் அவற்றுக்குச் சாப்பாடு போடுவேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. எங்கள் சின்னச் சன்னிதிக்குக் கூட அன்று கூட்டம் தெருவரை நிற்கும். மதியம் நடையைச் சாத்திவிட்டு வந்தவருக்கு, நெய்யை விட்டேன். அன்று பெருமாள் பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் வந்திருந்தது. இனிப்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அவருக்கும் நினைவிருந்தது. ஆனால் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. ஒரு கைப்பிடி சாப்பிட்டார். தடுக்க எனக்கும் வாய் வரவில்லை. வற்புறுத்தினால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

சாயங்காலம் நான் பெண்கள் பக்கம் முன்னால் நின்றேன். உள்ளே அவரும், உதவிக்கு அண்ணாவின் பிள்ளையும். அவனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும், அப்பாவின் ஆறு மாதத்தை அவன்தான் செய்துகொண்டிருந்தான். அர்ச்சனை முடிந்து திரை விலகியது. கூட்டம் கை கூப்பி அடங்கியது. தீபத்தை எடுக்க இவர் குனிந்தார்.

அந்த அமைதியில், அந்தச் சின்னக் கல் அறையில், சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை சிரித்து, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பெருமாள் முன்னிலையில் செய்யக்கூடாத குற்றங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியலை மனப்பாடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தீபத்தைத் தொடாமல் நிமிர்ந்தார். அண்ணா பிள்ளையிடம் கண்ணால் காட்டினார். படியைத் தாண்டி, யார் முகத்தையும் பார்க்காமல், எங்களுக்கு நடுவே நடந்து கிணற்றடிக்குப் போனார். குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்தவர் படிக்கு வெளியே நின்றார். உள்ளே போகவில்லை. அவன் தீபம் காட்டினான். மறுநாள் காலையில் புண்ணியாகவாசனம் செய்து சன்னிதியைச் சுத்தி செய்ததும் அவன்தான்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு வேளை வெறும் கஞ்சி. நான் அந்த நிமிஷமே பொடியை நிறுத்திவிட்டேன். பயத்தில்தான் நிறுத்தினேன்; மனம் திருந்தி நிறுத்தினேன் என்று சொன்னால் அது பொய். சுண்ணாம்பு மாத்திரையை மட்டும் கேட்டபோது கொடுத்துக்கொண்டிருந்தேன். சன்னிதிக்கு அவர் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி அண்ணா பிள்ளையை அனுப்பினார்.

நான்கு நாளில் வயிறு அமுங்கிவிட்டது. ஐந்தாம் நாள் மதியம் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், நிதானமாகச் சொன்னார்: "மாத்திரை அதே மாத்திரை. சாப்பாடு அதே சாப்பாடு. சன்னிதியை விட்டேன், நின்னுடுத்து. இதைவிடத் தெளிவா பெருமாள் எப்படிச் சொல்லுவார்?"

நான் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மாறுவது எதனால் என்று தெரிந்துவிடும். அவர் அதைச் சரியாகவே செய்திருந்தார். அவர் கணக்கில் பிழையே இல்லை. மாறிய இன்னொன்று என் நெய்க் கிண்ணத்தில் இருந்தது, அது அவருக்குத் தெரியாது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லாததற்கு அன்று என்னென்னவோ காரணம் வைத்திருந்தேன். இடைவேளை முடியப்போகிறது, சாயங்காலம் சொல்லலாம் என்றேன். சாயங்காலம் அவர் முகம் சரியில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்றேன். அந்த ஐந்து கவளங்களில் நான் என்ன கலந்தேன் என்று தெரிந்தால், இனி என் கையால் சாப்பிடுவாரோ மாட்டாரோ என்ற பயம் அடியில் கிடந்தது. மற்றதெல்லாம் அதற்கு மேல் போர்த்திய துணி. இப்படியே இன்னும் ஆறு நாள் போயிற்று.

ஏகாதசி கழிந்த துவாதசி. மதியம் வீட்டுக்கு வந்து மடிப்புடவை மாற்றிக்கொண்டு சமையலறைக்குப் போகும்போது கூடத்து ஆணியைப் பார்த்தேன். சன்னிதிச் சாவி அங்கேதான் தொங்கும். ஆணி மட்டும் இருந்தது. இவர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவி எங்கே என்று கேட்டேன்.

காலையில் சன்னிதிக்குப் போய், பெருமாள் முன்னால், அண்ணா பிள்ளையின் கையில் நீர் வார்த்துத் தன் ஆறு மாதத்தையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவன் அழுதானாம், வாங்க மாட்டேன் என்றானாம். பெருமாள் உத்தரவு என்று சொன்ன பிறகு கையை நீட்டினானாம். இதையெல்லாம் ஊர்ச் செய்தி போலச் சொன்னார்.

சாதப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் பொடித்தது, நெய், எந்த இடத்தில் விட்டேன் என்பது, சுண்ணாம்பு மாத்திரை, சனிக்கிழமைக்குப் பிறகு நிறுத்தியது எல்லாம். அழுதேனா என்று தெரியவில்லை. பாத்திரம் சுட்டது நினைவிருக்கிறது.

அவர் இலையைப் பார்த்தபடியே, எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் என்றேன்.

"அஞ்சு கவளத்திலேயுமா?"

"ஆமாம்."

கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். நான் புடவையைக் கூட மாற்றாமல் இப்படியே போய் அண்ணா பிள்ளையிடம் சொல்கிறேன், அவன் நல்லவன், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று படபடத்தேன்.

"தாரை வார்த்தாச்சு. பெருமாளைச் சாட்சி வெச்சுக் கொடுத்ததை, ஆத்துக்காரி மருந்து கலந்தான்னு சொல்லித் திருப்பி வாங்கறதா? அப்புறம் நீ அந்தச் சன்னிதிப் பக்கம் தலை காட்ட முடியுமா?" என்றார். கோபம் இல்லை. கேள்வியாகத்தான் கேட்டார்.

நான் செய்ததற்கு அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு அவர் முகம் மாறியது. பத்து நாளாக இறுகியிருந்த தாடை தளர்ந்தது. "அப்போ அவர் என்னை வேண்டாங்கலை" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு முறை சொன்னார். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

சாதம் பரிமாறச் சொன்னார். பரிமாறினேன். நெய்யை விடக் கை வராமல் நின்றேன். அவர் இடது கையை நீட்டி, "நெஜ மாத்திரையைக் கொடு" என்றார். கொடுத்தேன். அதை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைச் சாதத்தின் மேல் வைத்தார். இலையைச் சுற்றி நீர் விட்டார். மாத்திரையும் அந்த வட்டத்துக்குள் இருந்தது.

"உள்ளே போறதுன்னா எனக்குத் தெரிஞ்சு போகட்டும்" என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. முதல் வாரங்களில் வயிறு உப்பியது. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டு வந்தார். பாதி முழுதாயிற்று. டாக்டர் சொன்னபடியே ஒரு மாதத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது, மார்கழிக்குள் புண்ணும் மூடிவிட்டது. அந்த ஒரு மாதம்தான் என்னால் தாங்க முடியாதது. முதலிலேயே அவரிடம் கேட்டிருந்தால், கேட்டு மன்றாடியிருந்தால், ஒரு மாதம் சன்னிதியை அண்ணா பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவர் ஒப்புக்கொள்கிறவர் என்பது துவாதசி மதியம்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவர் சேவிக்க வருகிற எல்லோரையும்போல ஆண்கள் வரிசையில் நின்றார். முதல் நாள் அண்ணா பிள்ளை தீர்த்த வட்டிலோடு வெளியே வந்து, இவர் எதிரில் வந்ததும் நின்றுவிட்டான். இவர் இடது கையின் மேல் வலது கையைக் குவித்து நீட்டினார். தீர்த்தத்தை வாங்கிக் குடித்துவிட்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு வருஷம் அப்படியே போய் வந்தார். கடைசி வரை அவர் காலில் ஒரு நகத்துக்கும் பழுது வரவில்லை. அந்தப் பத்து விரலோடும் படிக்கு இந்தப் பக்கமே நின்றார்.